வாபஸ் வாங்கிய பிராது

எனக்கு நெஞ்சு முதன்முதலாகத் தடம் மாறித் துடித்தது விருத்தாசலம் தொழிற்பேட்டையில், பீங்கான் கம்பெனியின் கிளேஸ் தொட்டி முன்னால் நின்றுகொண்டிருந்தபோது. அச்சில் வார்த்துக் காயவைத்த ஃபியூஸ் கட்டைகளை, பால் மாதிரி கரைத்து வைத்திருக்கும் கிளேஸ் என்ற பளபளப்புப் பூச்சில் முக்கி எடுத்துப் பலகையில் அடுக்குவது என் வேலை. பலகை நிறைந்ததும் சூளைக்குப் போகும். அன்று கையில் ஒரு கட்டையை வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். மூடி போட்ட குண்டானுக்குள் தவளை மாட்டிக்கொண்டால் எப்படி முட்டும், அப்படி உள்ளே முட்டியது. வலி இல்லை. ஆனால் காற்று போதவில்லை. பக்கத்தில் இருந்தவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார வைத்தாள். கொஞ்ச நேரத்தில் தானாக அடங்கியது. காலையில் சாப்பிடாமல் வந்ததால்தான் என்று நானே சொல்லிக்கொண்டேன்.

அப்போது எனக்கு நாற்பது ஆகவில்லை. எங்கள் தெருவில் செல்போன் ஒன்றிரண்டு பேரிடம்தான் இருந்தது. என் வீட்டுக்காரர் கடலூர் ரோட்டில் டூவீலர் மெக்கானிக் கடை வைத்திருந்தார். மகள் பிளஸ் ஒன்.

உள்ளூர் டாக்டர் கேஸ் என்றார். சீரகத் தண்ணீரும் கேஸ் மாத்திரையுமாக நாலைந்து மாதம் போனது. தவளை வந்து வந்து போனது. ஒருநாள் தண்ணீர்க் குடத்தோடு வாசலில் விழுந்த பிறகுதான் இ.சி.ஜி. எடுத்தார்கள். எடுத்தவர் காகிதத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, இங்கே வேண்டாம், கடலூருக்குப் போங்கள் என்றார். கடலூரில் பார்த்தவர் பாண்டிச்சேரிக்குப் போகச் சொன்னார். பாண்டிச்சேரியில் ஒரு இதய டாக்டர்தான் முதன்முதலாக எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார்.

"மேல் அறை ரெண்டும் துடிக்கலம்மா. நடுங்கிக்கிட்டு இருக்குது. அதனால கீழ் அறை தாளம் தப்பி ஓடுது."

நடுங்குகிற இடத்தில் ரத்தம் தேங்கிக் கட்டியாகலாம், கட்டி மூளைக்குப் போனால் கை கால் விழுந்துவிடும் என்றும் சொன்னார். ரத்தம் உறையாமல் இருக்க ஒரு மாத்திரை, வேகத்தைக் குறைக்க ஒரு மாத்திரை. மாதாமாதம் ரத்தப் பரிசோதனை. கீரையைக் குறைத்துக்கொள்ள வேண்டும், கையைக் காலை அறுத்துக்கொள்ளக் கூடாது. கொஞ்ச நாள் மாத்திரை சாப்பிட்டுவிட்டு வந்தால் மயக்கம் கொடுத்து மின்சார அதிர்ச்சி கொடுத்துப் பார்க்கலாம் என்றார்.

வெளியே வந்ததும் வீட்டுக்காரர் சிரித்தார். "டைமிங் தப்பியிருக்குது, அவ்வளவுதான். சரி பண்ணிடலாம்" என்றார். அவர் கடைக்கு வருகிற எந்த வண்டியையும் முடியாது என்று திருப்பி அனுப்பியவர் இல்லை. எனக்கும் அந்தச் சிரிப்பைப் பார்க்கத் தைரியமாக இருந்தது.

ஷாக் கொடுத்த அன்று எனக்கு ஒன்றும் தெரியாது. ஊசி போட்டார்கள், கண் விழித்தபோது மார்பில் இஸ்திரிப் பெட்டி பட்ட மாதிரி இரண்டு இடத்தில் சிவந்து எரிந்தது. ஆனால் உள்ளே அமைதி. பல மாதமாக ஓடிக்கொண்டிருந்த ஒரு மோட்டாரை யாரோ நிறுத்திவிட்ட மாதிரி அமைதி. துடிப்பு இருக்கிறதா என்று கையை வைத்துத் தேடிப் பார்க்க வேண்டியிருந்தது. வீட்டுக்காரர் திரும்பும் வழியில் இனிப்பு வாங்கினார், தெருவில் எல்லா வீட்டுக்கும் கொடுத்தார். நான் வேலைக்குத் திரும்பினேன். ஒன்றரை மாதம் இருக்கும். ஒரு காலையில் அரிசி களைந்துகொண்டிருக்கும்போது அது திரும்பி வந்துவிட்டது. களைந்த தண்ணீரைக் கீழே கொட்டாமல் பாத்திரத்தைப் பிடித்தபடியே நின்றேன். கொட்டாமல் நின்றால் போய்விடும், அசைந்தால் நிலைத்துவிடும் என்று ஏதேதோ கணக்கு மனசுக்குள். நிலைத்துவிட்டது.

அதற்குப் பிறகு வேறொரு மாத்திரை கொடுத்தார்கள், கடுமையானது. அந்த மாத்திரை சாப்பிட்டால் வெயிலில் போகக் கூடாதாம். விருத்தாசலத்தில் இருந்துகொண்டு வெயிலில் போகக் கூடாது என்றால் எப்படி? முகம் சாம்பல் பூத்த மாதிரி கறுத்தது. கம்பெனியில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி என்னைப் பாட்டி என்று கூப்பிட்டாள். அந்த மாத்திரையும் கேட்கவில்லை. கடைசியில், சென்னையில் ஒரு ஆஸ்பத்திரியில் தொடை வழியாக ஒயர் விட்டு நெஞ்சுக்குள்ளேயே கோளாறான இடங்களைச் சுட்டுவிடுகிறார்கள், அதைச் செய்து பாருங்கள் என்று எழுதிக் கொடுத்தார் பாண்டிச்சேரி டாக்டர். கருவேப்பிலங்குறிச்சியில் வீட்டுக்காரருக்குப் பாகமாக வந்த நிலத்தை விற்றோம்.

சென்னையில் என் பக்கத்துக் கட்டிலில் சேத்தியாத்தோப்பு அக்கா இருந்தார். ஐம்பது வயது இருக்கும். நெல்லு, மாடு என்று இருக்கிற குடும்பம். அவருக்கும் நெஞ்சுத் துடிப்புக் கோளாறுதான், ஆனால் வேறு மாதிரி. புல்லுக்கட்டைத் தலையில் ஏற்றும்போது திடீரென்று குதிரை மாதிரி ஓட ஆரம்பிக்குமாம், பிறகு சட்டென்று நின்றுவிடுமாம். அவருக்குப் பேசாமல் இருக்க முடியாது. என் ஊர் விருத்தாசலம் என்று கேட்டதும், "மணவாளநல்லூர் முருகன் கோயிலு பக்கத்துலதான இருக்குது தங்கச்சி? ஒனக்கென்ன கவல" என்றார்.

எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு அந்தக் கோயில் தெரியும். குறை இருப்பவர்கள் அதைக் காகிதத்தில் பிராதாக எழுதி, போலீஸ் ஸ்டேஷனில் மனு கொடுப்பது போல, முருகனின் வேலில் கட்டிவிட்டு வருவார்கள். குறை தீர்ந்ததும் திரும்பப் போய், தீர்ந்தது என்று சொல்லிப் பிராதை வாபஸ் வாங்க வேண்டும். வாங்காமல் விட்டால் தப்பு என்பார்கள். அக்காவின் வீட்டுக்காரர் நடுவில் மாடு பார்க்க ஊருக்குப் போக வேண்டியிருந்தது. போகிற வழியில் மணவாளநல்லூரில் இறங்கி, ஒரே காகிதத்தில் இரண்டு பேர் பேரையும் எழுதிக் கட்டிவிட்டு வரும்படி அக்கா சொல்லி அனுப்பினார். என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வேண்டாம் என்று சொல்லியிருக்கவும் மாட்டேன்.

இரண்டு பேருக்கும் ஒரே நாளில் செய்தார்கள். அக்காவை முதலில் கொண்டுபோனார்கள். மத்தியானச் சாப்பாட்டு வண்டி வருவதற்குள் திரும்பி வந்துவிட்டார். என்னை அதற்குப் பிறகு எடுத்துப் போனார்கள், திரும்பும்போது பொழுது சாய்ந்துவிட்டது. முழுதாக மயக்கம் கொடுக்கவில்லை. உள்ளே ஒவ்வொரு இடமாகச் சூடு வைக்கும்போது முதுகுப் பக்கம் கொள்ளியை வைத்து அழுத்துவது போலிருந்தது. கத்தக் கூடாது, அசையக் கூடாது. கண்ணீர் காதுக்குள் போய் நிறைந்தது, அதைத் துடைக்கக் கை இல்லை. ஒரு நர்ஸ் பார்த்துவிட்டுப் பஞ்சால் துடைத்தாள்.

பிறகு ரத்தம் கசியாமலிருக்கத் தொடை இடுக்கில் மணல் மூட்டையை வைத்து, காலை மடக்கக் கூடாது என்று படுக்க வைத்தார்கள். அக்கா தலையை மட்டும் என் பக்கம் திருப்பி, எனக்கும் உனக்கும் ஒண்ணாவே முடிஞ்சிது என்றார்.

மறுநாள் டாக்டர் வந்தார். அக்காவுக்கு ஒரே இடம், சுட்டாயிற்று, இனி வராது, மாத்திரையும் வேண்டாம் என்றார். என்னிடம் வந்தபோது நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அப்போதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். என்னுடையது பல இடம், பலிக்கலாம், பலிக்காமலும் போகலாம் என்றார். சுட்ட இடம் ஆற மூன்று மாதம் ஆகும், அதுவரை துடிப்பு வந்து போகும், அதை வைத்து முடிவு கட்ட வேண்டாம் என்றும் சொன்னார்.

அந்த மூன்று மாதம் என்னைப் படுத்தியது போல வேறெதுவும் படுத்தியதில்லை. தொடையில் கன்றிய இடம் கறுப்பாகி, பச்சையாகி, மஞ்சளாகி மறைந்தது. குடம் தூக்கக் கூடாது, குனிந்து பெருக்கக் கூடாது. மகள் பரீட்சைக்குப் படித்துக்கொண்டே சமைத்தாள். சோறு சில நாள் குழைந்துபோகும், சில நாள் அரிசியாக நிற்கும். யாரும் ஒன்றும் சொல்ல மாட்டோம். நான் படுத்துக்கொண்டு நெஞ்சைக் கேட்டுக்கொண்டிருப்பேன். ஒழுங்காகத் துடிக்கிற நாளில், எப்போது மாறுமோ என்று கேட்பேன். மாறிவிட்ட நாளில், எப்போது திரும்புமோ என்று கேட்பேன். வேறு எந்தச் சத்தமும் காதில் ஏறவில்லை. மகள் ஏதாவது சொன்னால் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. ஒவ்வொரு தடவை அது வரும்போதும் வீட்டுக்காரர், "இன்னும் மூணு மாசம் ஆவல இல்ல" என்பார். அவர் அதைச் சொல்வதற்காகவே அந்தக் கெடு இருந்தது போல.

கெடு முடிந்தது. முடிந்த பிறகு ஒருநாள் வந்தது, போகவே இல்லை.

சென்னைக்குத் திரும்பப் போனோம். ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, மேல் அறை வீங்கிவிட்டது, இன்னொரு தரம் சுடலாம், ஆனால் செய்யுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன் என்றார் டாக்டர். இனிச் சரி செய்கிற வேலை வேண்டாம், வேகத்தை மட்டும் கட்டுப்படுத்திக்கொள்ளலாம், ரத்தம் உறையாமல் இருக்கிற மாத்திரையை நிறுத்தவே கூடாது என்றார்.

"இதோட வாழப் பழகிக்குங்கம்மா. நிறைய பேர் இருக்காங்க" என்றார் டாக்டர். நல்ல மனிதர். வேறென்ன சொல்வார்?

ரயிலில் ஜன்னல் பக்கம் என்னை உட்கார வைத்துவிட்டு வீட்டுக்காரர் எதிரே உட்கார்ந்தார். விழுப்புரத்தில் டீ வாங்கிக் கொடுத்தார், தனக்கு வாங்கவில்லை. விருத்தாசலம் ஜங்ஷனில் இறங்கித் தெருவுக்குள் வந்தபோது பக்கத்து வீட்டுக்காரம்மா வாசலில் நின்று, என்ன சொன்னாங்க என்று கேட்டார். வீட்டுக்காரர் பையைத் தோளில் மாற்றிக்கொண்டு, "சரியாயிடிச்சுங்க" என்றார். நான் அவரைப் பார்த்தேன். அவர் சாவியைத் தேடிக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு சில வாரத்தில் சேத்தியாத்தோப்பு அக்கா வந்தார். சொல்லாமல் கொள்ளாமல், காலை பஸ்ஸில். கையில் ஒரு பெரிய பை. வயலில் பறித்த முளைக்கீரை இரண்டு கட்டு, புடலங்காய், ஒரு தூக்கில் தயிர். ஆளே மாறியிருந்தார். கன்னம் பிடித்திருந்தது. வாசலில் செருப்பை விட்டதும் விடாததுமாக, வேலையெல்லாம் செய்வதைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். நாற்று நட்டாராம், புல்லுக்கட்டு தூக்குகிறாராம், வீட்டுக்காரரே வேண்டாம் என்று கத்துகிறாராம். பிறகு என்னைப் பார்த்து, "மாத்திரையெல்லாம் ஒனக்கும் நிறுத்திட்டாங்கல்ல தங்கச்சி?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் வீட்டுக்காரர் சொன்னார்: "ஆமாங்க்கா. நல்லா இருக்குது. ரெண்டு பேரும் ஒண்ணாதான சரியானீங்க."

மாத்திரை அட்டை அரிசி டப்பாவின் மேல் இருந்தது. மகள் சமையலறைக்குள் போய் அதை எடுத்து எங்கேயோ வைக்கிற சத்தம் கேட்டது. அவளும் கூட.

அக்கா வந்த காரியம் அப்புறம்தான் தெரிந்தது. பிராதை வாபஸ் வாங்க வேண்டும். இரண்டு பேர் பேரும் இருப்பதால் இரண்டு பேரும் போக வேண்டும். இத்தனை நாள் விட்டதே தப்பு என்றார். நான் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர், "போயிட்டு வா, நான் ஆட்டோ சொல்றேன்" என்று வெளியே போய்விட்டார். கூட வரவில்லை. கடையில் ஒரு வண்டி அவசரமாக நிற்கிறதாம்.

கோயிலில் அன்று கூட்டம் இல்லை. வேலைச் சுற்றிக் காகிதங்கள் கொத்துக் கொத்தாகத் தொங்கின. எத்தனை பேர் குறை. அங்கே உட்கார்ந்திருந்த கோயில் ஆள், ரெண்டு பேருக்கும் காரியம் ஆயிடுச்சா என்று கேட்டார். அக்கா உடனே ஆயிடுச்சு என்றார். அவர் என்னைப் பார்த்தார். நானும் தலையாட்டினேன். தலையாட்டும்போது அது உள்ளே முட்டிக்கொண்டிருந்தது. அக்கா கீழே விழுந்து கும்பிட்டார், கண்ணில் தண்ணீர். நான் நின்றபடி கையைக் கூப்பினேன். என்ன வேண்டுவது என்று தெரியவில்லை. வேண்ட ஒன்றும் இல்லை என்று இப்போதுதானே சொன்னேன்.

திரும்பி ரோட்டுக்கு நடக்கும்போது அக்கா முன்னால் விறுவிறு என்று போனார். பேசிக்கொண்டே போனவர், பதில் இல்லாததால் திரும்பிப் பார்த்தார். நான் ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்துவிட்டிருந்தேன். வெயில் என்று சொன்னேன். அவர் வந்து, எழுப்புவதற்காகக் கையைப் பிடித்தார். ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் ஒருத்தர் நாடியை ஒருத்தர் பிடித்துப் பார்ப்பது எங்களுக்குப் பழக்கமாகிவிட்டிருந்தது. அவருடைய விரல் தானாக அந்த இடத்துக்குப் போயிற்று. போனது, அங்கேயே நின்றது. அவர் முகத்திலிருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இது எப்பேர்ந்து தங்கச்சி?"

"மூணு மாசம் முடிஞ்சதுலேர்ந்து."

"வூட்டுக்காரருக்குத் தெரியுமா?"

"தெரியும்."

என் கையை விடவில்லை. ரோட்டில் ஒரு டிராக்டர் கரும்பு ஏற்றிக்கொண்டு போனது. அது போய்ச் சத்தம் அடங்கிய பிறகு, "வாபஸ் வாங்கிட்டமே" என்றார். பிறகு எழுந்து, "வா, திரும்பக் கட்டிடலாம். இப்பவே எழுதிடலாம்" என்று கையை இழுத்தார்.

"வேணாங்க்கா. ஆயிடுச்சுன்னு இப்பதான் சொல்லிட்டு வந்தோம். அதுக்குள்ள இல்லன்னு போயி எப்படி நிக்கிறது?"

அவர் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். தன்னுடையது மட்டும் சரியானதற்கு ஏதோ தப்புச் செய்துவிட்டவர் போல அழுதார். நான் பேசாம ஊர்லயே இருந்திருக்கலாம், ஒம் பேர எழுதச் சொல்லாமலாவது இருந்திருக்கலாம் என்றார். அவரைத் தேற்ற வேண்டியது நான்தான். என்னால் முடியவில்லை. அவர் கை என் மடியில்தான் கிடந்தது. மணிக்கட்டில் விரலை வைத்தால் அவருடைய துடிப்பு தெரியும். ஒழுங்காக, ஒன்று போல. வைத்துப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

பஸ் ஸ்டாண்டில் சேத்தியாத்தோப்பு பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். ஜன்னல் வழியாகத் தலையை மட்டும் ஆட்டினார். வீட்டுக்கு வந்தபோது கீரை வாடத் தொடங்கியிருந்தது. நான் சாப்பிடக் கூடாது, மகளுக்கும் வீட்டுக்காரருக்கும் கடைந்து வைத்தேன். வீட்டுக்காரர் சாப்பிட உட்கார்ந்தபோது, ஏன் அப்படிச் சொன்னீங்க என்று கேட்டேன். சண்டைக்காகக் கேட்கவில்லை. அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"அந்தக்கா சிரிச்ச மூஞ்சியோட வந்து நிக்கிறாங்க. நாங்க தோத்துட்டு வந்துட்டோம்னு சொல்ல எனக்கு வாய் வரல."

நாங்க என்றுதான் சொன்னார்.

கம்பெனிக்குத் திரும்பப் போனேன். நிற்க முடியாது என்பதால் பேக்கிங்கில் உட்காரவைத்தார்கள். சுட்ட கட்டைகளில் சிலதுக்கு விளிம்பு கூராக இருக்கும். மற்றவர்களுக்குக் கீறினால் வாயில் வைத்துச் சப்பிவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். எனக்கு ரத்தம் நிற்காது. ஒருநாள் விரலில் சின்னக் கீறல், கட்டிய துணி நனைந்து, வெள்ளைக் கட்டைகள் மேலெல்லாம் சொட்டிவிட்டது. சூப்பர்வைசர் பயந்துவிட்டார். கொஞ்ச நாள் வீட்டில் இருங்கள், சொல்லி அனுப்புகிறேன் என்றார். சொல்லி அனுப்பவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

அக்கா அந்தத் தீபாவளிக்குப் பக்கத்து வீட்டு போனுக்குப் பேசினார். மழை எப்படி, நெல்லு எப்படி என்று பேசிக்கொண்டோம். உடம்பு எப்படி என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அடுத்த தீபாவளிக்குப் பேசவில்லை.

மகளைத் திட்டக்குடியில் கொடுத்தோம். கல்யாணத்தன்று மணமேடைப் பக்கத்தில் எனக்கு மட்டும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். எல்லோரும் என்னைத் தாண்டிப் போய் வேலை செய்தார்கள். என்னைப் பார்த்து, நீங்க உக்காருங்க, நீங்க உக்காருங்க என்றார்கள். உட்கார்ந்திருந்தேன். தாலி கட்டும்போது எல்லோரும் எழுந்தார்கள், நாற்காலியிலிருந்து எனக்குத் தெரியவில்லை.

மாதாமாதம் ரத்தப் பரிசோதனைக்குப் போகிறேன். பழகிவிட்டது என்று கேட்பவர்களிடம் சொல்கிறேன். பழகவில்லை. குளிக்கும்போது, கறி நறுக்கும்போது, யாராவது பேசிக்கொண்டிருக்கும்போது, உள்ளே அது தன் பாட்டுக்கு முட்டிக்கொண்டிருக்கிறது. முன்பெல்லாம் வீட்டுக்காரர் கடைக்குக் கிளம்பும்போது, இன்னிக்கு எப்படி இருக்குது என்று கேட்டுவிட்டுத்தான் போவார். பரவாயில்ல என்பேன். இப்போது கேட்பதில்லை. எப்போது நிறுத்தினார் என்று யோசித்துப் பார்த்தேன், ஞாபகம் வரவில்லை.